குழந்தைகளோடு ஒரு லெட்டர்பாக்ஸ்: செதுக்குவது முதல் ஒளித்து வைப்பது வரை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், டார்ட்மூர் என்றொரு பொட்டல் மேட்டுநிலம் இருக்கிறது. 954 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1951 முதல் தேசியப் பூங்கா. போய் இறங்கினால் கருங்கல் குன்றுகளும் சதுப்பும் ஆடுகளும் மட்டக்குதிரைகளும்தான் கண்ணில் படும். கண்ணில் படாத இன்னொன்றும் அங்கே நிறைய உண்டு. பாறை இடுக்குகளில் யார் யாரோ ஒளித்து வைத்த டப்பாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். குறிப்பைப் படித்துத் தேடிக் கண்டுபிடிப்பவர் அந்த ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன்னுடைய சொந்த ஸ்டாம்பை டப்பாவின் நோட்டில் குத்துவார். அப்புறம் இருந்தபடியே மூடி வைத்துவிட்டு வந்துவிடுவார். லெட்டர்பாக்ஸிங் என்பது இவ்வளவுதான்.

இதன் தொடக்கம் 1854. சாக்ஃபோர்ட் கிராமத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி இருந்தார். வெளியூர்க்காரர்களை கிரான்மியர் குளம் என்ற இடத்துக்கு நடத்திக் கூட்டிப் போவது அவர் வேலை. சதுப்புக்கு நடுவே, போய்ச் சேரவே படாதபாடு படவேண்டிய இடம். அங்கே ஒரு பாட்டிலை வைத்து, வந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். பின்னாளில் ஆட்கள் தபால் அட்டையில் தங்கள் முகவரியையே எழுதிப் போட ஆரம்பித்தார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துப் போய்த் தன் ஊரிலிருந்து தபாலில் சேர்ப்பார். அட்டை எத்தனை நாளில் வீடு திரும்புகிறது என்பதில்தான் சுவாரஸ்யம். 1894-இல் பெல்ஸ்டோன் குன்றில் இன்னொரு பெட்டி வந்தது. ரொம்ப காலத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஸ்டாம்ப் வழக்கம் இடையில் வந்து சேர்ந்தது, பெட்டிகள் பெருகியதோ 1970-களுக்குப் பிறகுதான். நூறு பெட்டி கண்டுபிடித்தவர்களுக்கென்றே ‘100 கிளப்’ என்று ஒன்றும் உண்டு. 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்தபின் அமெரிக்காவிலும் இது பற்றிக்கொண்டது. ஜிபிஎஸ்ஸை வைத்துப் பெட்டி தேடும் ஜியோகேச்சிங் இதற்குத் தம்பி. அது 2000-ஆம் ஆண்டு மே மாதம்தான் பிறந்தது.

டெவன் பக்கம் விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் டார்ட்மூரின் ஹேய்டோர் குன்றில் ஏறி நாலு போட்டோ எடுத்துவிட்டுக் காருக்குத் திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பெட்டியைச் செய்து ஒளித்து வைப்பது அதைவிட நல்ல பொழுது. அதற்கான வழிமுறையை டார்ட்மூரை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முழுக்க ஒரே ஒரு விதி மனதில் இருக்கட்டும். கஷ்டத்தைக் குறிப்பில் வையுங்கள், ஒளிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். குறிப்பு புதிராக இருந்தால் வருகிறவர் உட்கார்ந்து யோசிப்பார். ஒளித்த இடம் புதிராக இருந்தால் அந்த வட்டாரத்துப் பாறைகளையெல்லாம் புரட்டிப் போட்டு, பாசியைப் பிய்த்து, இடத்தையே நாசம் பண்ணிவிடுவார். கீழே சொல்வதில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

முதலில் தேடிப் பாருங்கள்

செய்வதற்கு முன் ஓரிரண்டு பெட்டிகளையாவது தேடிக் கண்டுபிடியுங்கள். எந்த ஸ்டாம்ப் அழகாகப் பதிகிறது, எந்த டப்பாவில் தண்ணீர் போயிருக்கிறது, எந்தக் குறிப்பு கடுப்பேற்றுகிறது என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தேடப் போகும்போது ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு ஸ்டாம்ப், ஒரு இங்க் பேட், ஒரு திசைகாட்டி வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் போவது அந்தப் பெயர்தான். நிஜப் பெயர், பள்ளி, ஊர் எதுவும் எழுத வேண்டாம்.

இடம் பார்ப்பது

முதல் பெட்டிக்கு டார்ட்மூரின் கிழக்குப் பக்கம் நல்லது. வடக்கிலும் மேற்கிலும் ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வொர்தி என்று மூன்று ராணுவச் சுடுதளங்கள் இருக்கின்றன. சுடும் நாட்களில் எல்லையில் சிவப்புக் கொடி பறக்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். எல்லாம் ஆரம்பித்த கிரான்மியர் குளமே ஓக்ஹாம்ப்டன் சுடுதளத்துக்குள்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கீழே கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் தொடக்கூடாது. வெடிக்காத குண்டாக இருக்கலாம். இதைக் குழந்தைகளிடம் காரிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

கிழக்கில் ஹேய்டோர் இருக்கிறது. 457 மீட்டர் உயரக் கருங்கல் குன்று. பக்கத்திலேயே கார் நிறுத்தலாம். அங்கேயிருந்த குவாரியிலிருந்து கல் இறக்க 1820-இல் ஒரு டிராம்பாதை போட்டார்கள். தண்டவாளமே கருங்கல்லில் செதுக்கியது, இன்றும் புல்லுக்குள் கிடக்கிறது. அந்தக் கல் லண்டன் பாலத்துக்கே போயிருக்கிறது. 1831-இல் திறந்த அந்தப் பாலத்தைப் பின்னால் பிரித்து அமெரிக்காவில் அரிசோனாவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டிவிட்டார்கள். குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது, ஸ்டாம்புக்குப் படமும் கிடைத்துவிடும். ஆனால் உச்சிப் பாறையிலேயே ஒளிக்காதீர்கள், எந்நேரமும் கூட்டம். அரை மைல் தள்ளிப் போனால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும்.

டார்ட்மூரில் பெட்டி வைப்பவர்களுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. கல்வரிசை, கல்வட்டம், பழைய குடிசைகளின் அடித்தளம், சமாதிமேடு போன்ற பழஞ்சின்னங்களில் வைக்கக்கூடாது. சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்களிலும் கட்டடங்களிலும் வைக்கக்கூடாது. புல்தரையை வெட்டக்கூடாது, மண்ணைத் தோண்டக்கூடாது, சிமெண்ட் பூசக்கூடாது. ஆபத்தான இடத்தில் வைக்கக்கூடாது. மேலே சொன்ன டிராம்பாதையும் அப்படித்தான். குறிப்பில் அதை அடையாளமாகச் சொல்லலாம், அதற்குள் டப்பாவைச் செருகக்கூடாது.

நிலம் யாருடையது என்று பாருங்கள். பொது மேய்ச்சல் நிலங்களில் நடந்து போக 1985-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. நடக்கும் உரிமையும் பொருளை விட்டுவிட்டு வரும் உரிமையும் ஒன்றல்ல என்பதால், தேசியப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது மரியாதை. வேறு ஊரில் என்றால் பூங்காவுக்கு கவுன்சில், காட்டுக்கு அதன் உரிமையாளர். ஒரு மின்னஞ்சல்தானே? இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பொது இடத்தை மறந்துவிடுங்கள். கேட்பாரற்ற டப்பா கிடந்தால் போலீஸ்தான் வரும். சொந்தக்காரர் தோப்பு போதும்.

காலத்தையும் பாருங்கள். மார்ச் முதல் ஜூலை வரை வானம்பாடி போன்ற பறவைகள் தரையிலேயே கூடு கட்டும். அந்த மாதங்களில் புதருக்குள் புகுந்து இடம் தேட வேண்டாம். நாய் இருந்தால் கயிற்றில்தான் இருக்க வேண்டும். அப்புறம் பிராக்கன் என்கிற பெரணி. குளிர்காலத்தில் பழுப்பாகச் சாய்ந்து தரையோடு கிடக்கும். ஆகஸ்டில் போனால் எட்டு வயதுப் பிள்ளை உள்ளே போனால் தலை தெரியாது. பிப்ரவரியில் பளிச்சென்று தெரிந்த பாதையும் பாறையும் கோடையில் காணாமல் போய்விடும். அதனால் பெரணிக் காட்டுக்குள் வேண்டாம். பாறைகள் சிதறிக் கிடக்கும் சரிவாகப் பாருங்கள், அது எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஸ்டாம்ப் செதுக்குவது

கடையில் வாங்கிய ஸ்டாம்பைப் போட்டாலும் ஆட்டம் நடக்கும். ஆனால் இத்தனை மெனக்கெட்டு மலையேறி வருபவருக்குப் பரிசு என்று இருப்பதே அந்த அச்சு ஒன்றுதான். ஏற்கெனவே எங்கும் பார்த்த சிரிப்புமுகம் கிடைத்தால் முகம் வாடிவிடும். பிள்ளை வரைந்த கோணல்மாணல் ஆடு எவ்வளவோ மேல்.

வயதைப் பொறுத்து வேலையைப் பிரியுங்கள். நாலைந்து வயதுக்காரர்களுக்குக் கத்தி கிடையாது. கைவினைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டில் கத்தரிக்கோலால் உருவம் வெட்டி, சின்ன மரக்கட்டையில் ஒட்டினால் ஸ்டாம்ப். அதற்கு முந்தின நாள் சமையலறையில் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டுக் குத்தச் சொல்லுங்கள். மேடு பதியும், பள்ளம் பதியாது என்பது சொல்லாமலே புரிந்துவிடும். எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் பக்கத்தில் பெரியவர் இருந்தால் தாங்களே செதுக்கலாம். நடுவில் இருப்பவர்கள் வரையட்டும், நீங்கள் செதுக்குங்கள்.

பென்சில் அழிக்கும் பெரிய வெள்ளை ரப்பர் போதும். படம் பெரிதென்றால் ஸ்டாம்ப் செதுக்கவே விற்கும் மெத்தென்ற ரப்பர் பலகை வாங்கலாம். கருவி, லினோ கட்டர் எனப்படும் சின்னக் கைப்பிடி. அதில் ‘வி’ வடிவ நுனி ஒன்றும் ‘யு’ வடிவ நுனி ஒன்றும் இருந்தால் போதும்.

படத்தை ரப்பரின் அளவுக்கே காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். கோடு குறைந்தது 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மீசை, முடி, மெல்லிய கால் இதெல்லாம் பிய்ந்து போகும். பிறகு கறுப்பாக அச்சாக வேண்டிய பகுதி முழுவதையும் பென்சிலால் நிரப்புங்கள். இதைச் செய்யாமல் செதுக்க உட்கார்ந்தால், எதை வெட்டுவது எதை விடுவது என்று பாதியில் குழம்பும். அதை டிரேசிங் பேப்பரில் 4பி மாதிரி மென்மையான பென்சிலால் நகலெடுங்கள். பேப்பரைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து, நகத்தால் தேயுங்கள். படம் இடம் வலம் மாறி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். அச்சு குத்தும்போது மறுபடி மாறி நேராகிவிடும்.

எழுத்து வைப்பதானால் இது ரொம்ப முக்கியம். ரப்பரில் இடம் வலம் மாறித் தெரிந்தால்தான் சரி. ‘ப’ தப்பித்துவிடும், ‘ட’ மாட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு புள்ளிக்கோலம் வரையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் சிக்குக்கோலத்தை எப்படித் திருப்பினாலும் அதே கோலம்தான். டார்ட்மூரின் ஆடு, குதிரை, பாறை ஸ்டாம்புகளுக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

இனி வெட்டு. ரப்பரை மேசையில் வைத்து, கருவியைப் பென்சில் மாதிரி தாழப் பிடித்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ள வேண்டும். ரப்பரைப் பிடிக்கும் கை எப்போதும் நுனிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். வளைவு வந்தால் கருவியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள். முதலில் ‘வி’ நுனியால் கோட்டின் இரு கரையிலும் ஒட்டிப் போங்கள். அப்புறம் ‘யு’ நுனியால் வெளிப்பரப்பைச் சுரண்டி எடுங்கள். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். வெட்டும் சாய்வு கோட்டிலிருந்து வெளியே விரிய வேண்டும். வயல் வரப்பு போல அடி அகன்றும் மேலே குறுகியும் நின்றால் கோடு உறுதி. அடியைக் குடைந்துவிட்டால் நாலாவது குத்தில் சாய்ந்துவிடும்.

பாதியிலேயே மை தொட்டு ஒரு அச்சு எடுத்துப் பாருங்கள். வெளிப்பரப்பில் விடுபட்ட மேடுகள் சின்னச் சின்னக் கீற்றாகப் பதியும். எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆட்டைச் சுற்றி நாலு கீற்று இருந்தால் காற்றடிப்பது மாதிரி இருக்கும், எனக்கு அது பிடிக்கும். கழுவ, சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும்.

பெரிய ஸ்டாம்பை இங்க் பேடில் அழுத்துவதைவிட, ஸ்டாம்பை மல்லாத்தி வைத்து அதன் மேல் பேடைத் தட்டித் தட்டி மை ஏற்றினால் சீராகப் பரவும். நோட்டுக்கு அடியில் கெட்டியான அட்டை ஒன்றை வைத்து, நேராக அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும். ஆட்டினால் அச்சு இரட்டிக்கும்.

டப்பாவும் உள்ளடக்கமும்

நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும், மூடியில் சிலிகான் வளையம் வைத்த சாப்பாட்டு டப்பாதான் சரியானது. கண்ணாடி வேண்டாம். ராணுவத் தோட்டாப்பெட்டி மாதிரி இருப்பவை நிச்சயம் வேண்டாம். சுடுதளம் உள்ள மேட்டில் அதைப் பார்ப்பவர் வயிற்றில் புளியைக் கரைக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா எல்லாருக்கும் நிம்மதி.

வாங்கியதும் ஒரு சோதனை. உள்ளே டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே கல்லை வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் டிஷ்யூ மொறுமொறுவென்று இருந்தால் தேறியது. பிள்ளைகளுக்கு இந்த வேலை ஸ்டாம்பைவிடப் பிடிக்கும்.

நோட்டும் ஸ்டாம்பும் தனித்தனி ஜிப்லாக் கவரில் இருக்கட்டும். ரப்பரை முதலில் ஒரு துணியில் சுற்றுங்கள். வெள்ளை ரப்பர் சில வகை பிளாஸ்டிக்கில் நாள்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் இளகிப் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். பென்சில் வையுங்கள், பேனா வேண்டாம், ஈரத்தில் மை கலைந்துவிடும். இங்க் பேடும் உள்ளே வேண்டாம், கசியும் அல்லது காய்ந்துபோகும். வருபவர் கொண்டுவரட்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம். மிட்டாய், பிஸ்கட் கூடவே கூடாது. மனிதருக்கு முன் எலி கண்டுபிடிக்கும்.

நோட்டின் முதல் பக்கத்தில் பெட்டிக்கு ஒரு பெயர், வைத்த மாதமும் வருடமும், இது விளையாட்டுப் பெட்டி, பார்த்துவிட்டு இருந்தபடியே வையுங்கள் என்று இரண்டு வரி. அதையே ஆங்கிலத்திலும் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். தொடர்புக்கு என்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுப்பது நல்லது. வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் வேண்டாம். டப்பாவைக் கடைசியாக மூடுவது மழையில்லாத நாளாக, வீட்டுக்குள் நடக்கட்டும். ஈரக் காற்றை உள்ளே அடைத்தால் அது நோட்டில்தான் இறங்கும்.

ஒளித்து வைப்பது

மூன்று பேர் போனால் ஒருவர் ஒளிப்பவர், ஒருவர் எழுத்தர், ஒருவர் காவல். காவல் வேலைக்குச் சண்டை வரும், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்து தானாகவே ஒரு பொந்து இருக்கும் இடத்தைப் பாருங்கள். பிள்ளையின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம் நல்லது. கையை விடுவதற்கு முன் குச்சியை விட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் இருக்கும் ஒரே விஷப்பாம்பான ஆடர், விரியன் இனம், டார்ட்மூரில் உண்டு. தானாக வந்து கடிக்காது. ஆனால் வசந்தகால வெயிலில் பாறையோரம் குளிர்காய்ந்துகொண்டு கிடக்கும்.

பொந்தின் தரையைக் கவனியுங்கள். காய்ந்த சருகு கிடந்தால் நல்லது. கழுவிவிட்டது போல மணலும் பொடிக்கல்லும் இருந்தால் மழையில் தண்ணீர் ஓடும் வழி, டப்பா மிதந்து போய்விடும். ஆட்டு ரோமமும் புழுக்கையும் கிடந்தால் ஆடு ஒதுங்கும் இடம், அதையும் விட்டுவிடுங்கள்.

டப்பாவை உள்ளே தள்ளி, முன்னால் ஒரே ஒரு தட்டைக்கல். கல்மேல் கல் அடுக்கினால் ‘இங்கேதான்’ என்று பலகை எழுதி மாட்டியது மாதிரி. பிறகு எல்லாரும் பத்தடி தள்ளிப் போய்ச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். முக்கியமாக, கூட்டத்தில் குள்ளமானவர் பார்க்க வேண்டும். நம் கண்ணுக்குப் பாறையின் மேல்பக்கம்தான் தெரியும், அவர்களுக்கு அடிப்பக்கம் தெரியும். "அப்பா, நீல மூடி தெரியுது" என்ற குரல் அங்கிருந்துதான் வரும்.

குறிப்பு எழுதுவது

கஷ்டத்தை வைக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். குறிப்பை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதலாம் என்று விடாதீர்கள். பெட்டியின் பக்கத்தில் நின்றே அளவெடுங்கள்.

பிள்ளைகளிடம் விட்டால் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: ‘பெரிய பாறைக்குப் பக்கத்தில் பெட்டி இருக்கிறது.’ டார்ட்மூரில் பெரிய பாறைக்குப் பஞ்சமா? எந்தப் பாறை என்று கேளுங்கள். ‘விரிசல் விட்டது.’ எத்தனை விரிசல்? எந்தப் பக்கம்? மேலே என்ன இருக்கிறது? இரண்டு மூன்று கேள்வியில், ‘நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே விரிசல், உச்சியில் தொட்டி போலக் குழி’ என்று வந்துவிடும். இனி அந்தப் பாறையை யாரும் தவறவிட முடியாது. ஆடு, கார், பூத்த செடி, தேங்கிய தண்ணீர் எதையும் அடையாளமாகச் சொல்ல விடாதீர்கள். அடுத்த வாரம் இருக்காது.

குறிப்பு மூன்று கட்டமாக இருந்தால் எழுதுவது எளிது: வட்டாரத்துக்குக் கொண்டு சேர்ப்பது, இடத்தை நெருங்குவது, கைக்கு எட்ட வைப்பது.

முதல் கட்டத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே, அதாவது பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனம் போடும் வரைபடம். டார்ட்மூருக்கு ‘ஓஎல் 28’, 1:25,000 அளவு. அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வரைபடத்தில் போட்டிருக்கும் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் ஆறு இலக்கக் கட்ட எண் கொடுத்தால் 100 மீட்டர் சதுரத்துக்குள் ஆளைக் கொண்டு சேர்க்கும். போதும். எட்டு இலக்கம் கொடுத்தால் 10 மீட்டருக்குள் வந்துவிடுவார், அப்புறம் குறிப்புக்கு என்ன வேலை?

இரண்டாம் கட்டம் டார்ட்மூர்க்காரர்களின் தனி வழக்கம். பெட்டியின் பக்கத்தில் நின்று, தூரத்தில் தெரியும் இரண்டு அசையாத பொருட்களின் திசையை டிகிரியில் எழுதுவார்கள். ‘தேவாலயக் கோபுரம் 120, தனி மரம் 210’ என்று. தேடுபவர் இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் பொருந்தும் வரை நகர்ந்து நகர்ந்து வர வேண்டும். கோபுரம் சரியாக வந்தால் மரம் விலகும், மரத்தைப் பிடித்தால் கோபுரம் விலகும். பிள்ளைகள் இதைச் செய்வதைப் பார்க்க வேண்டும், நண்டு மாதிரி பக்கவாட்டில் போவார்கள். இரண்டு திசைக்கும் இடையில் ஏறக்குறைய 90 டிகிரி இருக்கட்டும். கிட்டக் கிட்ட இருந்தால் பிழை பெரிதாகும்.

டிகிரி எடுப்பது ஐந்து நிமிடப் பாடம். திசைகாட்டியின் பலகையில் உள்ள அம்பைப் பொருளை நோக்கி நீட்டு. வட்டத்தைத் திருப்பி, அதன் அடியில் வரைந்திருக்கும் அம்புக் கூட்டுக்குள் சிவப்பு முள்ளை அனுப்பு. அம்பின் அடியில் உள்ள எண்ணைப் படி. கைபேசியும் சாவிக்கொத்தும் காந்தம் வைத்த கைபேசி உறையும் பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லும். ஒரு டிகிரி பிசகினால் 57 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் விலகல். பிள்ளைகள் ஐந்து டிகிரி பிசகுவது சகஜம், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லும். தெற்கு இங்கிலாந்தில் அது இப்போது ஓரிரு டிகிரிதான். 2022 நவம்பரில் டார்செட் கடற்கரையில் இரண்டும் மெய்வடக்கோடு சேர்ந்து ஒரே கோட்டில் வந்து நின்றன. நம் வேலைக்கு மறந்துவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் காலடிக் கணக்கு. யாருடைய அடி என்று சொல்ல வேண்டும். பெரியவர் அடி முக்கால் மீட்டர் என்றால் சிறுவன் அடி அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். இருபது காலடிக்கு மேல் போகாதீர்கள், சரிவில் கணக்கு தப்பும்.

இத்தனையும் கையில் வந்தபின் அதைப் புதிராக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத தமிழ் எண்கள் இங்கே ரகசியக் குறியீடாகிவிடும். ௧ முதல் ௯ வரையும் சுழியமும் போதும். அப்புறம் விடுகதை. ஒரு மாதிரிக்கு, கற்பனை இடம்தான்:

*கதவு உண்டு, வீடு இல்லை. அதைத் தாண்டு.*
*காலில்லாமல் ஓடுகிறவன் பேச்சு கேட்கும் வரை நட.*
*காற்றுக்கு முதுகு காட்டும் கூனிக்கிழவி பக்கத்தில் நில்.*
*௧௨௦ டிகிரியில் இரட்டையர் இருவர், குட்டையன் யார்?*
*அவன் முதுகுப் பக்கம், உன் முழங்கால் உயரம்.*

வேலியில் வைத்த கதவு, ஓடை, காற்றில் வளைந்த ஹாதார்ன் மரம், இரட்டைப் பாறை. ஒவ்வொரு வரியிலும் ஒரு அசையாத பொருள் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் புதிர் இல்லை, அது வேண்டுமென்றேதான். ஐந்து மீட்டருக்குள் வந்தவரைத் திண்டாட விடக்கூடாது. அங்கே தெளிவாகச் சொல்லாவிட்டால் பாறை புரட்டல் ஆரம்பித்துவிடும். தமிழ்க் குறிப்பு சித்தப்பா குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. நேர் மொழிபெயர்ப்பாக இல்லாமல் அதற்கென்று வேறு புதிர் எழுதச் சொல்லுங்கள்.

வெளியில் விடுமுன்

இடம் தெரியாத ஒரு குடும்பத்திடம் குறிப்பைக் கொடுத்து அனுப்புங்கள். நீங்களும் கூடப் போகலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு அதுதான் பெரும் சோதனை. எந்த வரியில் நின்று தலையைச் சொறிகிறார்கள், எங்கே தப்பான பாறைக்குப் போகிறார்கள் என்று எழுத்தர் குறித்துக்கொள்ளட்டும். தப்பான பாறையும் குறிப்புக்குப் பொருந்துகிறது என்றால் குறிப்பைத்தான் திருத்த வேண்டும்.

போகும்போது பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பெரணியிலும் உயரமான புல்லிலும் உண்ணி இருக்கும், லைம் நோயைப் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும், நசுக்கக்கூடாது. சில நாளோ சில வாரமோ கழித்து வட்டமாகத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போங்கள். மேட்டில் மூடுபனி நிமிடத்தில் இறங்கும். மழைச்சட்டை, விசில், தண்ணீர், காகித வரைபடம் பையில் இருக்கட்டும். கைபேசி சிக்னலை நம்ப முடியாது.

அதன் பிறகு

பருவத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம். ஒரு காய்ந்த துணி, புது ஜிப்லாக் கவர், மாற்று நோட்டு, பென்சில் ஷார்ப்னர் எல்லாம் எடுத்துப் போங்கள். மூடியின் சிலிகான் வளையத்தில் ஒரு புல் இழை மாட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும், அதைத் துடைத்துவிடுங்கள். நோட்டு நிரம்பினால் எடுத்து வந்துவிட்டுப் புதியதை வையுங்கள். பழையது பிள்ளைகளுடையது.

சுற்றிலும் புல் மிதிபட்டுத் தனிப்பாதை விழ ஆரம்பித்தால் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிக் குறிப்பையும் திருத்துங்கள். இரண்டு முறை காணாமல் போனால் அந்த இடத்தைக் கைவிடுங்கள். ஸ்டாம்பின் ஒரு நல்ல அச்சை வீட்டில் வைத்திருந்தால் மறுபடி செதுக்குவது சுலபம். பிள்ளைகளுக்கு ஆர்வம் விட்டுப்போனாலோ, ஊர் மாறிப் போனாலோ, போய் டப்பாவை எடுத்து, அந்தத் தட்டைக்கல்லைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள். குறிப்பு யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் பெட்டி இப்போது அங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள், வீணாக நடக்க வேண்டாம்.